முதல் கேள்வியிலேயே சாட்சி கெட்டுப்போகிறது

எலிசபெத் லாஃப்டஸ். 1944-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த உளவியலாளர். 1970-ல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம், பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகம், 2002 முதல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம். 2004-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர், 2005-ல் கிராவெமேயர் விருது, 2016-ல் ஜான் மேடாக்ஸ் பரிசு. இதெல்லாம் இருக்கட்டும். 1974-ல் ஜான் பாமரோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனையை மட்டும் பாம்பன், மண்டபம், தொண்டி மீனவர் சங்கத்துக்காரர்கள் தெரிந்துகொண்டால் போதும் என்பேன்.

45 மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைப் போட்டுக் காட்டி, என்ன வேகம் என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் ஆளுக்கு ஆள் மாறியது. ‘நொறுக்கிக்கொண்டபோது’ என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல் என்றார்கள். ‘தொட்டுக்கொண்டபோது’ என்றால் 31.8. பெரும்பாலும் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள்: 20 மைல் வேகத்தில் மோதிய படத்துக்கு வந்த சராசரி 37.7, 40 மைல் படம் ஒன்றுக்கு 36.1! கண்ணால் பார்த்த வேகம் எடுபடவில்லை, காதில் விழுந்த சொல் எடுபட்டது.

அடுத்த சோதனையில் 150 பேர். ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?” என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ‘நொறுக்கிய’ 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். ‘இடித்த’ 50 பேரில் 7 பேர்.

இனி நம்ம மீன்பிடி ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) வருவோம். ராத்திரி கடலில் மோதல் நடந்து விசைப்படகு கரைக்கு வருகிறது. ஆள் இறங்குமுன்னே கேட்கிறோம்: “பெரிய போட்டுதானே, லைட் போடாமத்தானே வந்து நொறுக்குனான்?” ஒரே கேள்வியில் மூன்று பதிலை ஊட்டியாயிற்று. டிரைவர் பார்த்தது ஒன்று, வலை இழுக்கும் வின்ச் பக்கம் நின்றவர் பார்த்தது வேறு, பின்னால் படுத்திருந்தவர் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருப்பார். டீக்கடையில் அரை மணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே கதை. பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை அல்வா சாப்பிடுவது போலத்தான்: “சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள்.” பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதைக் கோர்ட்டில், சாட்சியை அழைத்த தரப்பே அவரிடம் நடத்தும் முதல் விசாரணையின்போது, ஆட்சேபிக்கலாம், 1872-ன் சாட்சியச் சட்டத்திலேயே அது இருந்தது. ஜெட்டியில் ஆட்சேபிக்க யார் இருக்கிறார்கள்?

லாஃப்டஸ் மேல் கோபப்படுகிறவர்களும் உண்டு. தொடர்கொலையாளி டெட் பண்டி, பாலியல் குற்ற வழக்கில் சிக்கிய சினிமா தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் போன்றவர்களின் தரப்பில் சாட்சி சொன்னவர் அவர். 1999-ல் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகமே அவருடைய கோப்புகளைக் கைப்பற்றி 21 மாதம் விசாரித்தது, கடைசியில் தவறில்லை என்றது. அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். வகுப்பறையில் படம் பார்த்த மாணவரும் நடுக்கடலில் அடி வாங்கியவரும் ஒன்றா? அடி விழுந்தது மறக்காது. நழுவுவதெல்லாம் எண்ணிக்கை, நிறம், தூரம், நேரம். வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அவற்றில்தான்.

ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வையுங்கள். “என்ன நடந்துச்சுண்ணே, சொல்லுங்க.” முதல் கேள்வி இவ்வளவுதான். குறுக்கே பேசாதீர்கள், அவர் நிறுத்தினால் “அப்புறம்?” என்பதோடு சரி. செல்போனில் ஒலிப்பதிவு செய்து, தேதி, நேரம் குறியுங்கள். முழுக்கச் சொல்லி முடித்தபிறகுதான் எங்கே நின்றீர்கள், நிலா இருந்ததா, எத்தனை படகு நீளத்தில் பார்த்தீர்கள் என்பதெல்லாம். அவர் “உரசுச்சு” என்றால் “உரசுச்சு” என்றே எழுதுங்கள். மனு எழுதுகிறவர் அதை “பயங்கரமாக மோதியது” என்று மெருகேற்றும் இடத்தில்தான் பாதிக் கேடு. “தெரியலை” என்றால் அதுவும் ஒரு பதில், அதையும் எழுதுங்கள். வாட்ஸாப்பில் வந்த ஒற்றைப் படத்தைக் காட்டி “இந்த போட்டுதானே?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்; அப்புறம் அவர் மனதில் நிற்பது கடலில் பார்த்த படகா, செல்போனில் பார்த்ததா என்று அவராலேயே பிரிக்க முடியாது.

நாலு பேர் சொன்னதும் நாலு விதமாக இருக்கும். சரிக்கட்டாமல் அப்படியே மரைன் போலீஸில் கொடுங்கள்.