இராணுவமா வளர்ச்சியின் அடித்தளம்?
‘வலிமையான இராணுவம் இருந்தால்தான் பொருளாதாரம் வளரும், இணையமும் ஜிபிஎஸ்ஸும் அங்கிருந்துதானே வந்தன’ என்கிறது இங்கே வெளியான கட்டுரை. பின்பாதி உண்மை, முன்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. 1957-இல் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ஏவிய சோவியத் ஒன்றியத்திடம் இல்லாத இராணுவத் தொழில்நுட்பமா? ராக்கெட் விண்ணுக்குப் போனது, மக்கள் கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். ஜிபிஎஸ் விஷயத்திலும், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவைத்த பிழையை அமெரிக்கா 2000 மே மாதம் நீக்கிய பிறகுதான் அது நம் தெருவைச் சரியாகக் காட்டத் தொடங்கியது. பாசறைக்குள்ளேயே பூட்டி வைத்த அறிவு யாருக்குச் சோறு போடும்? மியான்மரில் நடப்பது இன்னும் கொடுமை. 2008 அரசியலமைப்பு நாடாளுமன்றத்தில் கால்வாசி இடங்களை இராணுவத்துக்கே ஒதுக்கியது. வங்கி, சுரங்கம், பீர் ஆலை வரை அதன் நிறுவனங்கள் கால்பதித்தன. துப்பாக்கி வைத்திருப்பவரோடு எந்த வணிகர் போட்டி போட முடியும்? மேலே கருத்திட்ட ஒரு வாசகர், ‘இராணுவம் இல்லாமல் எந்த நாடு பிழைத்தது?’ என்று கேட்டிருக்கிறார். மத்திய அமெரிக்காவின் சிறு நாடான கோஸ்டாரிகா பிழைத்தது. 1948 டிசம்பர் 1 அன்று அதன் அப்போதைய ஆட்சித் தலைவர் ஹோசே ஃபிகரெஸ் பெல்லாவிஸ்டா பாசறைச் சுவரில் சம்மட்டியால் அடித்து இராணுவத்தைக் கலைத்தார். அந்தக் கட்டடம் இன்று தேசிய அருங்காட்சியகம். குண்டு துளைத்த தழும்புகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. 1955-இல் நிகரகுவா பக்கமிருந்து படை நுழைந்தபோது வெளி உதவி தேவைப்பட்டது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதே வட்டாரத்தில் குவாத்தமாலாவும் ஹோண்டுராஸும் கண்ட இராணுவப் புரட்சிகளில் ஒன்றைக்கூட அந்த நாடு அதன்பின் காணவில்லை.