கோயிலைத் தூக்கி வைத்தார்கள், குடிமக்களை?

வெனிஸ் நகரைக் கடலிடமிருந்து காக்க இத்தாலி கட்டிய மோசே மதகுகளுக்கு 500 கோடி யூரோவுக்கு மேல் செலவானது. 2020 அக்டோபரில் அவை முதல்முறையாக எழும்பி வெள்ளத்தைத் தடுத்தன. நல்ல காரியம், வெனிஸ் பிழைக்கட்டும். ஆனால் பருவநிலை மாற்றத்தால் ஏறிவரும் கடல் விழுங்கப் பார்க்கும் பசிபிக் குட்டித் தீவு நாடான துவாலு? யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அந்த நாட்டுக்கு ஓர் இடம்கூட இல்லை. அங்கே கடல் கொண்டுபோகப் போவது மாளிகைகளை அல்ல. முன்னோரைப் புதைத்த மண்ணை, ஊர் கூடிப் பாடி ஆடும் திடலை. பட்டியலில் இல்லாததெல்லாம் பண்பாடு இல்லையா?

இந்த ஓரவஞ்சனை பழையது. எகிப்தில் அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்காதிருக்க, பழங்கால அபு சிம்பெல் கோயில்களை 1964 முதல் 1968 வரை துண்டு துண்டாக அறுத்து மேட்டில் மறுபடி நிறுத்தினார்கள். உலக நாடுகள் பணம் கொடுத்தன. அதே நீரில் ஊரைப் பறிகொடுத்த நூபியர்கள் பல்லாயிரம் பேரை நைல் கரையிலிருந்து பெயர்த்து வேறெங்கோ குடியமர்த்தினார்கள். அது அணையால் வந்த வெள்ளம்தான், பருவநிலையால் அல்ல. ஆனாலும் எதைக் காப்பது என்று முடிவு செய்தவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள் இல்லை என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணைத் தீவுக்காரர்கள் 8 பேர் 2019-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். கடல் ஏறிக் கல்லறைகள் சிதைந்து முன்னோரின் எலும்புகள் வெளியே கிடக்கின்றன என்றார்கள். 2022 செப்டம்பரில் குழு அவர்கள் பக்கம் நின்றது: அரசு போதிய பாதுகாப்புத் தராததால், தம் பண்பாட்டோடு வாழும் அவர்களுடைய உரிமை மீறப்பட்டிருக்கிறது. எனக்கு இது மிகப் பெரிய விஷயம். பாரம்பரியத்தைக் காப்பது தருமம் அல்ல, உரிமை என்றாகிறது.

அப்படியானால் புகை விட்டுச் செல்வம் சேர்த்த நாடுகள்தான் பணம் தர வேண்டும், கடனாக அல்ல. பருவநிலை மாற்றத்தால் அடிபடும் ஏழை நாடுகளுக்கான இழப்பு மற்றும் சேத நிதிக்கு 2022-இல் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டார்கள். அதில் இடுகாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மொழிக்கும் பங்கு வேண்டும். சுவர் எழுப்புவதா, இடம்பெயர்வதா, ஓர் இடத்தைக் கடலுக்கே விட்டுவிடுவதா என்பதை அந்த ஊரார் தீர்மானிக்கட்டும். ஃபிஜியின் வுனிடோகோலோவா கிராமம் 2014-இல் கரையை விட்டு உள்ளே நகர்ந்தது. எல்லா ஊருக்கும் அதே வழி பொருந்தாது.

இன்னொன்று. துவாலு தன்னையே டிஜிட்டலாகப் பதிந்து வைக்கப்போவதாக 2022-இல் அறிவித்தது. இப்படிப்பட்ட பதிவுகள் யார் கையில் இருக்கும்? வெளிநாட்டு நிறுவனம் ஸ்கேன் செய்துகொண்டு போய், பிறகு சொந்த மக்களே அனுமதி கேட்டுப் பார்க்கும் நிலை வரக்கூடாது. உரிமை அவர்கள் பெயரில் இருக்கும் என்று முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.