பன்னிரண்டாம் வசனம் தெளிவு, பதினைந்தாம் வசனம் ஆழமா?

பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் போய்விட்டன. ஆலயத்தில் பேசப் பிரசங்க பீடத்தில் ஏறிய ஒரு டீச்சரின் மைக்கை அணைத்த அந்த வீடியோவைப் பற்றி எதுவும் எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று இரவு அந்தச் சபையின் கமிட்டி உறுப்பினர் ஒருவரின் குரல் பதிவு வந்து சேர்ந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை அது போகாத வாட்ஸ்அப் குழு இல்லை. "டீச்சரை யாரும் அவமானப்படுத்தவில்லை. கீழே நின்று பேசச் சொன்னோம், அவ்வளவுதான். வேதம் தெளிவாகச் சொல்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும்?"

என்ன செய்ய முடியுமாம்! மைக்கை அணைத்த கை யாருடையது? பெண் உபதேசிக்கக் கூடாதென்று கடிதம் எழுதிய பவுலுடையதா?

சபையின் பெயரை எழுதமாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையில்லை. வீடியோவைப் பார்க்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானத்தில் டீச்சருக்கு மூன்றாம் வார்த்தை. (பெண்களுக்கு எப்போதும் மூன்றாம் வார்த்தைதான். "ஸ்திரீயே, அதோ, உன் மகன்." தாய் என்று வந்தால் நம்மைக் கூப்பிடுவார்கள், "முடிந்தது" என்று வந்தால் ஆண்கள்தான் முடிக்க வேண்டும்.) அவர் நேராகப் போய்ப் பிரசங்க பீடத்தின் படி ஏறுகிறார். முன்வரிசையிலிருந்து ஒரு கை ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து அசைகிறது. மைக் செத்துப்போகிறது. டீச்சர் ஒரு நொடி நின்றுவிட்டு, மைக் இல்லாமலேயே தொடர்கிறார்.

அடுத்து நடந்ததை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியவில்லை. திரையின் இடது ஓரத்தில், பெண்கள் பக்கத்தில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்து சுவரோரம் போகிறார். சுவிட்சு போர்டில் கைவைத்து மின்விசிறிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். சத்தம் குறைந்தால் டீச்சரின் குரல் கேட்கும் அல்லவா? ஏப்ரல் மாத நண்பகல் வெயிலில் அத்தனை பெண்களும் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கேட்டார்கள். ஆண்கள் பக்கத்து மின்விசிறிகள் கடைசி வரை சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

சரி, வேதத்துக்கே வருவோம். தெளிவாகச் சொல்கிறது என்கிறீர்களே, நானும் அதே வேதத்தைத்தான் சிறுவயது முதல் வாசிக்கிறேன். நீங்கள் நம்பியிருக்கிற இடம் 1 தீமோத்தேயு 2:12. "உபதேசம்பண்ணவும், புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும், ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை." ஆமாம், இருக்கிறது. நான் மறைக்கவில்லை. அதே அதிகாரத்தில் நாலு வசனம் மேலே போங்கள். "புருஷர்கள் கோபமும் தர்க்கமுமில்லாமல் பரிசுத்தமான கைகளை உயர்த்தி, எல்லா இடங்களிலேயும் ஜெபம்பண்ணவேண்டும்." கோபமும் தர்க்கமும் இல்லாமல்! சபைத் தேர்தல் நாளில் ஆலய வளாகத்தில் நின்று பார்த்தவர்கள் யாராவது இதற்குப் பதில் சொல்லுங்கள். வாக்குப் பெட்டிக்குக் காவலாகப் போலீஸ் வந்து நிற்கிற ஊர்களில் எட்டாம் வசனத்தைக் காட்டி யாருடைய மைக்கையாவது அணைத்தீர்களா?

ஒன்பதாம் வசனம் பொன்னாலும் முத்தாலும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தாலும் பெண் தன்னை அலங்கரிக்கக் கூடாது என்கிறது. அதுவும் தெளிவுதான். நம் மாவட்டத்தில் ஒரு கல்யாணப் பேச்சில் முதலில் கேட்கப்படுவது பெண்ணின் பெயரா, பவுன் கணக்கா? கழுத்து நிமிர முடியாமல் நகை சுமந்து ஆல்டர் முன்னால் நிற்கிற பெண்ணை எந்த மூப்பராவது "கழற்றிவிட்டு வா மகளே, வேதம் தெளிவாகச் சொல்கிறது" என்று திருப்பி அனுப்பியதுண்டா? சீதனத்தை எண்ணி வாங்கிய கைகள்தான் பன்னிரண்டாம் வசனத்துக்கு அடிக்கோடு போடுகின்றன. இந்த ஒரு வசனம் மட்டும் ஏன்? என் கேள்வி அவ்வளவுதான்.

இனி பதினைந்தாம் வசனம். இதை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது. "பிள்ளைப்பேற்றினாலே இரட்சிக்கப்படுவாள்" என்று இருக்கிறது. என் சித்திக்குப் பிள்ளை இல்லை. சனிக்கிழமைதோறும் ஆலயத்தைக் கூட்டி, பெஞ்சு துடைத்து, பூ ஜாடியில் தண்ணீர் மாற்றுவது அவர்தான். ஒருநாள் இந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்: "அப்படியானால் எனக்கு?" அம்மா சட்டென்று சொன்னார்: "பவுல் உன்னைப் பார்த்ததில்லையடி, பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார்." சித்தி சிரித்துவிட்டார். ஆனாலும் மனம் ஆறாமல் சபை மூப்பர் ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் பொறுமையாக விளக்கினாராம்: "இதை எழுத்தின்படி எடுத்துக்கொள்ளக் கூடாது அம்மா. அன்றைய சூழ்நிலையைப் பார்க்க வேண்டும். இதற்கு ஆழமான அர்த்தம் இருக்கிறது."

அப்படி வாருங்கள். பதினைந்தாம் வசனத்துக்குச் சூழ்நிலை உண்டு, ஆழம் உண்டு, பொறுமையான விளக்கம் உண்டு. மூன்று வசனம் மேலே இருக்கிற பன்னிரண்டாம் வசனத்துக்கு மட்டும் எதுவும் கிடையாது. அது பளிங்குபோலத் தெளிவு. இரண்டையும் ஒரே கை, ஒரே கடிதத்தில், ஒரே மூச்சில் எழுதியிருக்கிறது.

அடுத்து 1 கொரிந்தியர் 14:34. "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்." அந்த அதிகாரத்தில் மூன்று பேரைப் பேசாமல் இருக்கச் சொல்கிறார் பவுல். அர்த்தம் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்நிய பாஷை பேசுகிறவன் சபையில் பேசக் கூடாது. அடுத்தவனுக்கு வெளிப்பாடு கிடைத்தால் முந்திப் பேசியவன் நிறுத்த வேண்டும். மூன்றாவதாகப் பெண்கள். முதல் இரண்டு பேரையும் நம் கன்வென்ஷன் மேடைகளில் யாராவது உட்கார வைத்திருக்கிறார்களா? குறித்த நேரம் தாண்டி முழங்குகிறவருக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பக்கூட நமக்குத் துணிவு கிடையாது. அதே கடிதம் பதினோராம் அதிகாரத்தில் ஜெபம் பண்ணுகிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறது. பேசவே கூடாது என்றால் முக்காடு எதற்கு? வீட்டுக்குள்ளே தனியாகத் தீர்க்கதரிசனம் சொல்வதற்கா? பெண்களைப் பேசாமலிருக்கச் சொல்கிற 14:34, 35 வசனங்கள் இரண்டும் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதிகாரத்தின் கடைசிக்குத் தள்ளி வருகின்றன என்பதை இறையியல் படித்தவர்கள் அறிவார்கள். அதை வைத்து நான் வாதாடப்போவதில்லை. எனக்கு அது தேவையும் இல்லை.

ரோமர் பதினாறாம் அதிகாரமே போதும். பவுல் முதலில் பரிந்துரைப்பது கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளை. அப்பொல்லோவைத் தனியே அழைத்து உட்கார வைத்து மார்க்கத்தைத் திருத்தமாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என்று அப்போஸ்தலர் 18இல் இருக்கிறது. அப்பொல்லோ வேதத்தில் வல்லவன், சாதுரியவான். அவனே கேட்டுக்கொண்டான். நம் கமிட்டிக்கு மட்டும் முடியாது.

இப்போது யார் யார் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"இது மேல்நாட்டுப் பெண்ணியம்." உங்கள் கையில் இருக்கிற சபை எந்த நாட்டிலிருந்து வந்தது ஐயா? 1806இல் மயிலாடிக்கு ரிங்கல்தௌபே வந்தாரே, வள்ளியூரிலிருந்தா வந்தார்? அவருக்குப் பின் வந்த மிஷனரிகளின் மனைவிமார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தபோது ஊரில் எல்லோரும் கைதட்டவில்லை. அன்றைக்கும் "இது ஒழுங்கல்ல" என்றுதான் சொன்னார்கள். நம் பாட்டிமார் தோளில் சீலை போட்டபோது கிழித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள்: ஒழுங்கு, வழக்கம், முன்னோர் வைத்த முறை. 1859இல் மேல்சீலைக்கு அனுமதி தந்து திருவிதாங்கூர் அரச விளம்பரம் வரும்வரை அடிபட்டு நின்ற சனம் நாம். ஒழுங்கு என்ற சொல்லை யார் யாரைப் பார்த்து எப்போது சொல்வார்கள் என்பது நமக்குமா மறந்துபோனது?

அதே 1859இல்தான் இங்கிலாந்தில் கேத்தரின் பூத் என்ற அம்மையார் பெண்கள் பிரசங்கிக்கலாம் என்று வேதத்தை வைத்தே ஒரு சிறு பிரசுரம் எழுதினார். பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நாகர்கோவிலில் இரட்சணிய சேனை ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். பிரசங்கம் பண்ணிய பெண்ணின் பெயர் வைத்த ஆஸ்பத்திரியில் பிறந்து, வைத்தியம் பார்த்து, பிழைத்து வந்துதான் "பெண்கள் பிரசங்கிக்கக் கூடாது" என்கிறோம்.

"இயேசு பன்னிரண்டு ஆண்களைத்தானே தெரிந்துகொண்டார்?" ஆமாம். பன்னிரண்டு பேரும் யூதர்கள். கருங்கல்காரர் ஒருவரும் இல்லை, தக்கலைக்காரர் ஒருவரும் இல்லை. தோமா திருவிதாங்கோடு வரை வந்தார் என்பார்கள்; வந்தார், இங்கே பிறக்கவில்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் சபைப் போதகர்களான ஐயர்மார் எல்லோரும் அங்கியைக் கழற்ற வேண்டியதுதான்.

"ஆதாம்தான் முதலில் உருவாக்கப்பட்டான் என்று பவுலே காரணம் சொல்கிறாரே?" இது கொஞ்சம் கனமான கேள்வி. இதை வைத்து நேர்மையாக என்னோடு மாறுபடுகிற ஒரு பெரியவர் எனக்குத் தெரியும். அவர் யாருடைய மைக்கையும் அணைத்ததில்லை. அவரோடு நான் எத்தனை மணி நேரமும் உட்கார்ந்து பேசுவேன். தீமோத்தேயு இருந்தது எபேசுவில், தியானாள் கோவில் இருந்த ஊர், கள்ள உபதேசம் மலிந்த இடம், அந்தச் சபைக்குச் சொன்ன மருந்து இது என்று நான் சொல்வேன். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். பிறகு காப்பி குடிப்போம். ஆனால் குரல் பதிவு போட்ட நண்பர் ஆதாமை நினைத்துக் கையை அசைக்கவில்லை. ஒரு பெண் அந்தப் படியில் ஏறியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவ்வளவுதான்.

"கத்தோலிக்கர்களிடம் போய்க் கேளுங்களேன்." அவர்கள் வீட்டுக் கதையை அவர்கள் பேசட்டும்.

தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கிறது. 2013இல் நந்தியாலில் புஷ்ப லலிதா பேராயராகவே ஆனார். வானம் இடிந்து விழவில்லை. அடக்கமான பெண்கள் திசைமாறிப் போய்விடவும் இல்லை. நாம் மட்டும் 2:12ஐப் பிடித்துக்கொண்டு பீடத்தின் படியில் காவல் நிற்கிறோம்.

என் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எங்கள் சபை அப்போது ஓலைக் கூரை. ஒரே ஐயரின் பொறுப்பிலிருந்த சேகரத்தில் சபைகள் அதிகம். ஐயர் வருவது எப்போதாவதுதான். உபதேசியார் படுத்த படுக்கையாகிவிட்ட காலத்தில் ஞாயிறு ஆராதனையை நடத்தியது அம்மா. வேதபாடம் வாசித்து, விளக்கம் சொல்லி, ஜெபித்து அனுப்புவார். மீன் விற்கப் போகிறவர்களும் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் புரிகிற மாதிரி பேசுவார். அன்றைக்கு ஒருவருக்கும் பன்னிரண்டாம் வசனம் ஞாபகத்துக்கு வரவில்லை! ஆள் இல்லாதபோது வேதம் மௌனமாக இருந்தது. பெண்கள் வீடுவீடாகப் பிடியரிசி எடுத்து, அதை விற்று, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கோழியும் குலையும் கொடுத்து, கான்கிரீட் ஆலயம் எழும்பியது. மெழுகிய கல்லில் பிரசங்க பீடம் வந்தது. பிரதிஷ்டை நாளில் அம்மா சமையல் பந்தலில் சாம்பார் வாளியோடு நின்றார். மேடையில் நன்றி சொல்லப்பட்ட பெயர்களில் ஒரு பெண் பெயர் இல்லை.

அம்மா இறந்தபோது செயலர் இரங்கல் செய்தி வாசித்தார். "அடக்கமும் அமைதியும் நிறைந்த சகோதரி" என்றார். என் அம்மாவா? ஊருக்கே கேட்கிற குரல் அது. தோட்டத்துக்குள் ஆடு புகுந்தால் அடுத்த வார்டுக்காரர் ஓடி வருவார். அந்தக் குரலில்தான் அவர்களில் பாதிப் பேர் முதல்முறை சங்கீதம் இருபத்துமூன்றைக் கேட்டார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றதால் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

உயிர்த்தெழுந்தவர் முதலில் தம்மைக் காட்டியது மகதலேனா மரியாளுக்கு. "நீ என் சகோதரரிடத்திற்குப் போய்" என்று செய்தியைக் கொடுத்து அனுப்பியது அவளை. கல்லறைக்குப் போய்த் திரும்பிய பெண்கள் சொன்னதைக் கேட்ட ஆண்கள் என்ன செய்தார்கள் என்று லூக்கா 24:11 சொல்கிறது: "இவர்களுடைய வார்த்தைகள் அவர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றினதினால், அவர்கள் இவர்களை நம்பவில்லை." போன ஞாயிறு எல்லா ஆலயங்களிலும் அந்த மரியாளைப் பற்றிப் பேசினோம், பாடினோம். அந்தச் சபையிலும்தான் பேசினார்கள். பேசியவர் ஆண். மைக் நன்றாக வேலை செய்ததாம்.

கருத்துப் பெட்டியில் 2:12ஐ ஒட்டப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தாராளமாக ஒட்டுங்கள், ஆனால் 2:9க்கும் 2:15க்கும் உங்கள் விளக்கத்தையும் சேர்த்து ஒட்டுங்கள். பவுன் கணக்கைச் சொல்லிவிட்டு ஒட்டினால் இன்னும் நல்லது. அதில்லாமல் வருகிற எதற்கும் பதில் எழுதமாட்டேன். டீச்சரின் பெயரையோ படத்தையோ போடுகிறவர்களை அப்போதே நீக்கிவிடுவேன். அடுத்த மாதம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பேச அவரை அழைத்திருக்கிறோம், வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் கமிட்டிக்காரர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்: தனி ஒலிபெருக்கிக்கு நாங்களே முன்பணம் கொடுத்துவிட்டோம்.