பின் டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர்தானா?

"பழைய காரில் பின் டிஸ்க் பிரேக் பலவீனமா, மாஸ்டர் சிலிண்டரை மாற்று" என்று ஒரு நண்பர் சொல்கிறார். பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயை அழுத்தி சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்தான் அந்த மாஸ்டர் சிலிண்டர். அவசரம் வேண்டாம். அது போயிருந்தால், அழுத்திப் பிடித்த பெடல் மெல்லக் கீழே இறங்கும். பெரும்பாலும் முன் பிரேக்கும் சேர்ந்தே அடிவாங்கும்.

பெடல் கெட்டியாக இருந்து பின்பக்கம் மட்டும் சொதப்பினால், டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பாருங்கள். டிஸ்க்கின் ஒரு முகம் பளபளப்பு, மறுமுகம் துரு என்றால் காலிப்பர் நகர உதவும் கம்பியான ஸ்லைடு பின் (pin) இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு முகமும் துரு என்றால், காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் மேல்தான் என் சந்தேகம். தர்மபுரியில் என் வண்டிக்கும் புது மாஸ்டர் சிலிண்டர் மாட்டிய பிறகுதான் இது தெரிந்தது, தண்டச் செலவு!

அப்புறம், காலிப்பரைச் சரிசெய்யும்போது, ஹேண்ட்பிரேக் அதிலேயே சேர்ந்திருந்தால் பிஸ்டனைப் பெரும்பாலும் திருகித்தான் உள்ளே தள்ளவேண்டும், கிளாம்ப் போட்டு அமுக்கக்கூடாது. சரிபார்க்கும்வரை தொப்பூர் இறக்கம் பக்கம் போகாதீர்கள்.