துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காதல் வந்தால்

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் காதல் என்றாலே நம் ஊர்ப் பெரியவர்கள் படிப்பு கெடும் என்பார்கள், மானம் போகும் என்பார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகோ, பிள்ளையின் மனம் நோயுற்ற பிறகோ அந்தக் காதல் வெளியே தெரிந்தால் பேச்சு இன்னும் கடுமையாகிவிடுகிறது. காதல்தான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது, அதை அறுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும் என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிடுகிறார்கள். ராமநாதபுரம் கடலோரத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இந்த முடிவு பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தானது என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தந்தை கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவலே இல்லாவிட்டால்தான் அவர் இறந்துவிட்டதாகச் சட்டம் கருதும் என்பதால், கடலில் ஆள் காணாமற்போன வீடுகளில் துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் கிடக்கும். அந்த வீட்டிலும் கருமாதி செய்வதா வேண்டாமா என்று சொந்தக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். தாய் தாலியைக் கழற்றவில்லை. மகளோ அழவே இல்லை. அழுதால் அப்பா செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்தாள். போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றத் தொடங்கிய அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், இத்தகைய முடிவு தெரியாத இழப்பு சாதாரண மரணத்தைவிட மனத்தை நீண்ட காலம் முடக்கிப்போடும் என்று விளக்கியிருக்கிறார். பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் வாழ்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

விசைப்படகுகள் கரை திரும்பும் விடியற்காலையில் இஞ்சின் சத்தம் கேட்டதும் அவள் விழித்துக்கொள்வாள், பிறகு தூக்கம் வராது. சாப்பாடு குறைந்தது, வகுப்பில் கேட்ட கேள்விக்கு எழுந்து நிற்பாள், பதில் வராது. உடன் படித்த ஒரு பையன் அவளோடு பேசத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகுதான். ஊர் முழுக்க 'தகவல் ஏதும் வந்துச்சா' என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன்தான் 'உங்கப்பா வீட்டுக்கு என்ன மீன் எடுத்துட்டு வருவாங்க' என்று கேட்டிருக்கிறான். "நகரைதான் டீச்சர், எனக்குப் பிடிக்கும்னு பெருசாப் பார்த்து எடுத்து வைப்பாங்க" என்று அதை என்னிடம் சொன்னபோதுதான் அவள் அழுது நான் பார்த்தேன். அந்தப் பிள்ளைக்கு அவன்மீது அன்பு வராமல் வேறு யார்மீது வரும்?

பிறகு அந்த அன்பே அவனுக்குப் பெரும் பாரமாயிற்று. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் எழுதினாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அவன் பல வாரங்கள் அதைத் தனியாகச் சுமந்தான். இரவில் அவள் 'ஆன்லைனில்' இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டே விழித்திருந்தான். தேர்வில் அவன் மதிப்பெண் சரிந்த காரணத்தை நான் கேட்டபோதுதான், கை நடுங்க அந்தப் போனை என்னிடம் நீட்டினான்.

காதல் மருந்தாகிவிடும் என்று நம் சினிமா பல பத்தாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது. அன்பு காட்ட ஆள் வந்தால் பைத்தியம் தெளியும், சோகம் தீரும் என்கிற கதையை நம்பி, ஒரு பதினாறு வயதுப் பையன் இன்னொரு உயிருக்குக் காவல் நிற்கிறான்; தான் ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டால் அவள் செத்துப்போவாள் என்று நம்புகிறான். பிரிய வேண்டும் என்று தோன்றினாலும் அதைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்று நினைக்கிறான். அந்த உரிமை அவனுக்கு உண்டு என்பதை அவனிடமும், அவன் பிரிந்தாலும் அவளைத் தாங்கப் பெரியவர்கள் இருக்கிறோம் என்பதை அவளிடமும் நாம்தான் சொல்ல வேண்டும். சத்தியம் வாங்கப்பட்டிருந்தாலும், உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைக் காக்க வேண்டியதில்லை என்று ஒவ்வொரு வகுப்பிலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கெட்டது நடந்துவிட்டால், ஊர் முதலில் கை நீட்டுவது இந்தப் பிள்ளையை நோக்கித்தான். சாவு வீட்டு வாசலில் நிற்கக்கூட விடமாட்டார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் துக்கத்தை யார் கேட்பது?

விஷயம் தெரிந்ததும் அவள் வீட்டில் போனைப் பிடுங்கினார்கள். பையன் மீது போக்சோவில் புகார் கொடுப்போம் என்று தாய்மாமன் மிரட்டினார். அந்த இருவருக்குமிடையே பேச்சைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. 2012ஆம் ஆண்டின் இந்தப் போக்சோ சட்டம் குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க வந்தது. வளரிளம் பருவத்துக் காதலில் இருக்கும் பையனைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் ஒரு வழக்கில் குறிப்பிட்டிருக்கிறார். அதைச் சொல்லித்தான் அன்று மாமனைச் சமாதானப்படுத்தினேன். அடுத்து, "காத்து கருப்பு எதுவும் அண்டியிருக்கும் டீச்சர், ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போயி கொஞ்ச நாள் தங்க வைக்கலாம்" என்றார் அவளுடைய அம்மாச்சி.

மனநோய் தீரும் என்று ஏர்வாடி தர்காவுக்குப் போகிறவர்களின் நம்பிக்கையை நான் ஒருநாளும் பழித்ததில்லை. எல்லா மதத்தாரும் அங்கே போகிறார்கள், ஆறுதலோடு திரும்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் அந்த ஊரில் ஒரு தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்ததை இந்த மாவட்டத்துக்காரர்கள் மறக்கவே கூடாது. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. போனைப் பிடுங்கி, பள்ளியை நிறுத்தி, ஓர் அறைக்குள் அடைத்து வைப்பதையும் நான் அந்தச் சங்கிலியின் வரிசையில்தான் வைக்கிறேன். அம்மாச்சியிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: துஆ கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் முதலில் மருத்துவரிடம் போவோம்.

மனநலப் பாதிப்புகளில் பாதி பதினெட்டு வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாம் 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடுவதில் நிஜமான நோய் எத்தனை இருக்கும் என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தவற்றில்கூட நாட்டம் போய்விட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பேச்சு வழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் அதைக் குணப்படுத்தும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயங்குகிறவர்கள் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்; 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் பேசலாம். பிள்ளைகளே அழைக்கலாம், நண்பனுக்காகக் கவலைப்படுகிற பிள்ளையும் அழைக்கலாம்.

அந்தப் பெண்ணை அவளுடைய அம்மாதான் பேருந்தில் அழைத்துப் போனார். சிகிச்சை தொடங்கியதும் முதலில் திரும்பியது தூக்கம். சிரிப்புக்கு மாதங்கள் பிடித்தன. பையனையும் தனியாக ஒரு மனநல ஆலோசகரிடம் பேச வைத்தோம், ஏனென்றால் அவனும் நொறுங்கியிருந்தான். இருவரையும் பிரித்து வைக்கச் சொல்லித் தாய்மாமன் பலமுறை பள்ளிக்கு வந்தார். நான் மறுத்தேன். பகலில், பள்ளி வளாகத்தில், எங்கள் கண் பார்வையில் அவர்கள் பேசிக்கொள்ளட்டும். இரவில் அவளுக்கு அருகில் அம்மா படுத்துக்கொள்ளட்டும், அவன் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கட்டும் என்பதுதான் நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு. தேர்வு வரை அது நீடித்தது, இருவரும் தேர்ச்சி பெற்றார்கள். இதே நிலையில் ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் போனில் கை வைக்கும் முன் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேளுங்கள், அடுத்த நாள் காலையில் மருத்துவமனைக்குக் கூடவே போங்கள்.