பலூன் வளைவு எதற்கு, காகிதப் பூ செய்வோம்

மலேசியாவில், எங்கள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இப்போது பிள்ளைக்கு ஒரு வயது என்றாலே முதல் கேள்வி, "டெக்கரேஷன் யாரு?" என்பதுதான். சாப்பாட்டுக்கு யார், சாமிக்கு என்ன படைக்கிறோம் என்பதெல்லாம் அப்புறம். என் சொந்தத்தில் ஒரு வீட்டில் அண்மையில் விலை விசாரித்தார்கள். பலூன் வளைவு, பின்னால் நிற்கும் வட்டப் பலகை, பிள்ளை பெயரில் ஒரு லைட், ஓரத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் பூ. எல்லாம் சேர்த்து 800 வெள்ளி (ரிங்கிட்). கேக் வெட்டி, படம் பிடித்து, பந்தி முடிந்ததும் வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பிள்ளையின் அப்பா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நாட்டில் 2025இலிருந்து குறைந்தபட்சச் சம்பளமே 1,700 வெள்ளிதான். அதில் ஏறக்குறைய பாதியை ஒரு ராத்திரிச் சுவருக்குக் கொடுப்பதா?

அலங்காரத் தொழில் செய்கிறவர்கள்மேல் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. நம் பிள்ளைகள் பலர் அந்தத் தொழிலில் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு அவர்கள் வேண்டும். நான் பேசுவது நம் வீட்டு வாசலில், கெனோப்பி (கூடாரம்) போட்டு, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டு நடத்துகிற விசேஷத்தைப் பற்றி. பிறந்தநாள், வளைகாப்பு, பெண்பிள்ளையின் சடங்கு, 21 வயது விருந்து, தீபாவளித் திறந்த இல்லம். இவற்றுக்கெல்லாம் வாடகை அலங்காரம் வேண்டவே வேண்டாம், காகிதப் பூ போதும், அதையும் வீட்டு மனிதர்களே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது என் கருத்து. பாலர் பள்ளியில் பிள்ளைகளோடு தாள் வெட்டுவதே என் பிழைப்பு. அதனால் தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதிது ஒன்றும் இல்லை. மாரியம்மன் திருவிழா வருகிறது என்றால் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) இளைஞர்கள் முன்கூட்டியே கோயில் கொட்டகையில் கூடிவிடுவார்கள். கலர்த் தாளை முக்கோணமாக வெட்டி, சணல் கயிற்றில் ஒட்டி, கோயிலிலிருந்து ரோட்டு முனைவரை கட்டுவார்கள். பசையைக் கடையில் வாங்கமாட்டார்கள். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் வைத்துக் கிண்டினால் பசை. கரப்பான் அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுகிறவர்களும் உண்டு. (அது நஞ்சு. பிள்ளைகள் தொடுகிற பசையில் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.) வாசல் வளைவில் செருகும் தாள் பூக்களைப் பெண்கள் செய்வார்கள். காலையில் பால் வெட்டப் போய்வந்து, சமைத்து, துவைத்துப்போட்ட பிறகு மிச்சமிருக்கும் நேரத்தில்தான் செய்வார்கள். என் அம்மா கத்தரிக்கோலே இல்லாமல், தாளை மடித்து நகத்தால் கீறிக் கிழித்து இதழ் எடுப்பார். ஒவ்வொன்றும் ஒரே அளவாக வரும்.

அந்தத் தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சனங்கள் தாமான்களுக்கு (புறநகர்க் குடியிருப்புகளுக்கு) வந்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கைகள் ஊருக்குள்ளேதான் இருக்கின்றன. உங்கள் வீட்டு அறையிலேயே ஒரு பாட்டி இருக்கலாம். அவரை யாரும் கேட்பதில்லை.

சரி, எதிர்ப்புக்கு வருகிறேன். இளம் தாய்மார்கள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "டீச்சர், காகிதப் பூ வைத்தால் பள்ளிக்கூடக் கண்காட்சி மாதிரி தெரியும்." அப்படித் தெரிவதற்குக் காரணம் தாளின் போக்கு தெரியாமல் வெட்டுவது. கிரேப் தாளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லிய சுருக்கங்கள் வரி வரியாக ஓடும். அந்த வரிக்குக் குறுக்கே இழுத்தால் தாள் நீளும். வரி ஓடும் திசையிலேயே இழுத்தால் நீளாது, கிழிந்துவிடும். ஆகவே இதழ் வெட்டும்போது வரி அடியிலிருந்து நுனிக்கு நேராக ஓட வேண்டும். அப்படி வெட்டிய இதழின் வயிற்றில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மெதுவாக இரண்டு பக்கமும் விரியுங்கள். தாள் குழிந்துகொண்டு அப்படியே நிற்கும். மேல் ஓரத்தைச் சாத்தே குச்சியில் (இறைச்சி கோத்துச் சுடும் மெல்லிய மூங்கில் குச்சி) வெளிப்பக்கமாகச் சுருட்டிவிட்டால் ரோஜாவின் மடிப்பு வந்துவிட்டது. அதே இதழை வரி குறுக்கே போகும்படி வெட்டியிருந்தால் என்ன செய்தாலும் இப்படிக் குழி விழாது, பூ சப்பையாகத் தொங்கும். நாம் பள்ளிக்கூடப் பூ என்று சொல்வது பெரும்பாலும் இப்படித் தவறாக வெட்டிய பூதான்.

பூக் கட்டுவதும் அவசரப்படாமல் செய்ய வேண்டியது. நடுவில் சின்ன இதழ்களை இறுக்கிச் சுற்றி மொட்டாக்குங்கள். அதன்மேல் பெரிய இதழ்களை, முந்தைய இதழை அடுத்தது பாதி மறைக்கும்படி சுற்றிக்கொண்டே போங்கள். அடியை மெல்லிய கம்பியால் கட்டுங்கள். நூல் வழுக்கும். காம்புக்கு ஈர்க்குச்சி போதும், செம்பனைக்கு நடுவில் இருந்துகொண்டு கடையில் காம்பு வாங்க வேண்டாம். பச்சைக் கிரேப் தாளை ஒடுக்கமான நாடாவாக வெட்டி, லேசாகப் பசை தொட்டு, இழுத்துப் பிடித்துக்கொண்டே குச்சியைச் சுற்றி உருட்டினால் கம்பிக் கட்டும் மறைந்துவிடும். வெள்ளைப் பசையைக் கொட்டாதீர்கள். மெல்லிய கிரேப் தாள் ஈரத்தை உறிஞ்சிக் கூழாகிவிடும். சாத்தே குச்சி நுனியால் தொட்டு வைத்தாலே பிடிக்கும்.

ரெண்டு வெள்ளிக் கடையில் கிடைக்கும் மடித்த கிரேப் தாள் பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம் இருக்கும். மெல்லியது, ஆனால் அதிலேயே நிறைய பூ வரும். இணையத்தில் 180 கிராம் என்று போட்டு இத்தாலியக் கிரேப் விற்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் அது இழுபடும் அழகே வேறு, ஈரக்காற்றிலும் சட்டென்று தளராது. கேக் மேசைக்கு முன்னால், படத்தில் பெரிதாகத் தெரியும் பூக்களுக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற இடத்துக்கு மெல்லிய தாளே போதும்.

பெரிய இடத்தை நிரப்ப டிஷ்யூ தாள் உருண்டைதான் கைகொடுக்கும். எட்டு பத்துத் தாளை அடுக்கி, மூன்று நாலு சென்டிமீட்டர் அகலத்தில் முன்னும் பின்னுமாக விசிறி மடிப்பு மடித்து, நடுவில் கம்பியால் கட்டி, இரு முனையையும் வளைவாகவோ கூராகவோ வெட்டிவிட்டு, ஒவ்வொரு தாளாகக் கட்டுப் பக்கம் இழுத்துவிட வேண்டும். இழுக்கும்போது கட்டுக்குப் பக்கத்தில் பிடித்து இழுங்கள். நுனியில் பிடித்தால் கிழியும். சுவருக்குப் பெரிய பூ வேண்டுமென்றால் கொஞ்சம் கனமான அட்டை, 180 கிராமோ 200 கிராமோ. இதழின் அடியில் ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலின் இரு பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டினால் இதழ் எழுந்து நிற்கும். சூட்டுப் பசைத் துப்பாக்கியைப் பெரியவர்கள் மட்டும் பிடியுங்கள், அந்தப் பசை தோலில் பட்டால் பிய்க்க முடியாது, வெந்துவிடும்.

இதையெல்லாம் எங்கே மாட்டுவது என்று கேட்பார்கள். தாமான் வீடு ஒவ்வொன்றிலும் வாசல் கிரில் இருக்கிறதே! அதைவிட நல்ல சட்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது. கம்பி கம்பியாக இருப்பதால் பூவின் காம்பை அப்படியே முறுக்கிக் கட்டலாம். ஆணி வேண்டாம், சுவர்ச் சாயத்தை உரிக்கும் டேப்பும் வேண்டாம். பின்னால் அம்மாவின் பழைய பட்டுச் சேலை ஒன்றை விரித்துவிட்டு அதன்மேல் பூக்களைக் கூட்டமாக, ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் அவிழ்ந்து போவதுபோலவும் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே இடைவெளியில் வைத்தால் கடைக் கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும்.

மழையை மறக்கக் கூடாது. மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. கிரேப் தாளும் டிஷ்யூவும் நனைந்தால் சாயம் விடும், அதிலும் சிவப்பு பொல்லாதது. சிவப்புப் பூவை வெள்ளைத் துணிமேலும் சுவர்மேலும் வைக்காதீர்கள். வெளியில் தொங்குவதை விசேஷத்தன்றே கட்டுங்கள். முதல் நாள் ராத்திரியே கட்டினால் காலை ஈரத்தில் இதழ் தளர்ந்துவிடும். குத்துவிளக்கு, ஆரத்தி, கேக் மெழுகுவத்தி இவை மூன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூகூட வரக் கூடாது. தாளும் நெருப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். கேக்மேல் நேரடியாகவும் குத்தாதீர்கள், சாயம் கிரீமில் இறங்கும்.

பெரியவர்களின் எதிர்ப்பு வேறு மாதிரி. "பாடைக்குக் கட்டுற பூவை நல்ல காரியத்துக்கு வைக்கிறதா?" என்று என் பெரியம்மா முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்லமாட்டேன். சாவு வீட்டுப் பல்லக்கில் கலர்த் தாளும் பூவும் ஒட்டுவதை அவர் வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறார். ஆனால் திருவிழா வளைவிலும் அதே தாள்தானே இருந்தது? சாமிக்கும், தலைக்கும், மாலைக்கும் நிஜப் பூ. அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கேமரன் மலைச் சாமந்தியும் மல்லிகைச் சரமும் அங்கேதான் இருக்க வேண்டும். வாசலுக்கும் சுவருக்கும் காகிதம். இப்படிப் பிரித்து வைத்தபோது பெரியம்மாவே ஒத்துக்கொண்டார். இன்னொன்றும் கவனியுங்கள். சீனர்களின் துக்க வீட்டில் வெள்ளைக் காகிதப் பூ வைப்பார்கள். பக்கத்து வீட்டு சீனக் குடும்பத்தைக் கூப்பிட்டுவிட்டு, இணையத்தில் பார்த்த அழகுக்காக முழுக்க வெள்ளைப் பூவாகச் சுவரை நிரப்பினால் அவர்கள் மனசு என்னவோ செய்யும். சிவப்பு, மஞ்சள், ரோஸ், பச்சை என்று கலந்து செய்யுங்கள். நம் கண்ணுக்கும் அதுதான் நிறைவு.

இந்த நாட்டில் காகிதப் பூ எல்லாருக்கும் சொந்தம். மலாய்க்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தோடு போகும் 'புங்கா மங்கார்' என்ற காகிதப் பூக்கொத்தைப் பார்த்திருப்பீர்கள். தென்னம்பாளை விரிந்த தோற்றத்துக்காக, ஈர்க்குச்சிகளில் மினுக்குத் தாளைச் சுற்றி ஒரு கழியில் செருகுகிறார்கள். கூட வேலை செய்யும் மலாய் ஆசிரியை ஒருவர் அதைச் சுற்றும் விதத்தை எனக்குக் காட்டினார். எங்கள் ஈர்க்குக் காம்பும் அவர்களுடைய ஈர்க்கும் ஒரே வேலைதான். 1960இல் செம்பருத்தியைத் தேசிய மலராக அறிவித்ததிலிருந்து அது எங்கும் இருக்கிறது. ஆகஸ்ட்டு பிறந்தால் எங்கள் பிள்ளைகளும் சிவப்புத் தாளில் ஐந்து இதழ் வெட்டி, நடுவில் மஞ்சள் நுனி வைத்த நீளக் குச்சியைச் செருகுகிறார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வரும்போது உங்களுக்கு வராமல் போகுமா?

பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த உட்காருதல்தான். பூ செய்கிற வேலையில் வாய் சும்மா இருக்கும், ஆகவே பேச்சு வரும். மருமகள் இதழ் வெட்ட, மாமியார் கம்பி கட்ட, படிவம் மூன்றில் இருக்கும் பையன் முணுமுணுத்துக்கொண்டே டிஷ்யூ மடிக்க, பக்கத்து வீட்டு அக்கா தே தாரேக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) வந்து சேர்ந்துகொள்ள, எந்தத் தோட்டத்தில் யார் இருந்தார்கள், யார் வீட்டுக் கல்யாணத்தில் என்ன சண்டை என்று எல்லாக் கதையும் வெளியே வரும். தன் பாட்டி எந்த நிரையில் பால் வெட்டினார் என்று அந்தப் பையன் வேறு எங்கே கேட்கப்போகிறான்? பிறந்தநாள் அன்று வந்தவர்களிடம், "அந்த மஞ்சள் நான் செய்தது" என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டு திரிவார்கள். பிள்ளைக்கு நாலு பலூன் ஊதிக் கொடுங்கள், அது இருக்கட்டும், அதுவும் ரப்பர் பாலில் வந்ததுதான்.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எல்லாப் பூவையும் ஒரே மூச்சில் செய்ய நினைக்காதீர்கள். ஒரு ராத்திரி இதழ் மட்டும் வெட்டி அளவுவாரியாக டப்பாவில் போடுங்கள். இன்னொரு ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே குழித்து, சுருட்டுங்கள். கட்டுவதை வார இறுதியில் வைத்துக்கொண்டால் ஆளும் கூடும். விசேஷம் முடிந்ததும் நல்ல பூக்களைப் பிஸ்கட் டின்னில் போட்டு, காலணிப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் உள்ளே வைத்து மூடினால் அடுத்த வீட்டு விசேஷத்துக்கு இரவல் கொடுக்கலாம். எங்கள் தெருவில் ஒரே பெட்டி மூன்று வீடு சுற்றிவிட்டது. ஒவ்வொரு வீடும் கொஞ்சம் புதுப் பூ சேர்த்துத் திருப்பித் தருகிறது.

லிந்தாங் பக்கத்திலோ கோலகங்சார் பக்கத்திலோ திருவிழா வளைவுக்குத் தாள் பூ செய்யத் தெரிந்த பெரியவர்கள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். குறிப்பாக, ஒரே தாளை மடித்து வெட்டி விரித்தால் சரமாகத் தொங்குமே, அந்தப் பழைய தோரணம். அம்மாவுக்கு அந்த மடிப்பு இப்போது நினைவில்லை. பள்ளி விடுமுறையில் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு நானே நேரில் வந்து கற்றுக்கொள்கிறேன்.