பழைய கப்பலை மாற்றியமைத்துப் பயனில்லையா?

"ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் கார்பன் வெளியேற்றத்தைக் குறைக்க முடியாது, புதுக் கப்பல்தான் ஒரே வழி, கணினியில் போடும் மாதிரிகள் வெறும் படம்" என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

2017-இல் கட்டப்பட்ட 'பிக்சிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் அதன் மேல்தளத்தில் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு காற்று இறக்கைகளை, அதாவது பாய் போலக் காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ள உதவும் அமைப்புகளை, பொருத்தினார்கள். ஆறு மாதச் சோதனையில் சராசரியாக நாளுக்கு 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அதை இயக்கிய கார்கில் நிறுவனம் அறிவித்தது.

சரி, கணினி மாதிரிக்கு இதில் என்ன வேலை? கப்பலின் முன்பக்கம் நீருக்கடியில் குமிழ் போலப் புடைத்திருக்கும். அது குறிப்பிட்ட வேகத்துக்கென்று வடிவமைக்கப்படுவது. கப்பல் மெதுவாக ஓடத் தொடங்கினால் அதே குமிழ் பாரமாகிவிடும். புதிய வேகத்துக்கு எந்த வடிவம் பொருந்தும் என்று பல வடிவங்களைச் சுற்றி நீர் எப்படி ஓடும் என்பதைக் கணினியிலேயே கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் இரும்பை வெட்டுகிறார்கள். எஞ்சின் அறையையும் லேசரால் அளந்து, புதுக் குழாய்களுக்கு இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம். இது வெறும் படமல்ல, பொறியியல்.

ஆனால் மென்பொருள் மட்டும் ஒரு கிராம் கார்பனையும் குறைக்காது. அது காட்டும் மாற்றத்தைக் கப்பல்பட்டறையில் செய்தாக வேண்டும். அப்புறம், எல்லாக் கப்பலுக்கும் ஒரே பலன் கிடைக்காது. வயது, வழித்தடம், வேகம் எல்லாம் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.